முட்டைக் கணக்கு

போன மாதம் ஒரு மருத்துவக் கல்லூரியில் காசநோயைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்து இறங்கியதும், முன்வரிசையில் இருந்த பேராசிரியர் ஒருவர் எழுந்து வந்தார். "நல்லா இருந்தது மேடம். ஒரே ஒரு சந்தேகம். உங்க சாம்பிள் சைஸ் என்ன?"

"ஒண்ணு சார். எங்க அப்பா."

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். நாற்பது நோயாளிகளிடம் பேட்டி எடுத்திருக்கிறேன், ஒழுங்காக அதைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது இதுதான்.

திரும்பும்போது மின்சார ரயில். தாம்பரம் சானடோரியம் நிலையத்தில் இறங்கிய ஒரு பெண், "சானடோரியம் வந்துட்டேன், பால் வாங்கணுமா?" என்று போனில் கேட்டுக்கொண்டே போனாள். இப்போது அது ஓர் ஊரின் பெயர். இரண்டு படுக்கையறை வீடு, நடந்து போகிற தூரத்தில் ஸ்டேஷன் என்று விளம்பரம் கொடுக்கிறார்கள். 1928ல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காக அங்கே சானடோரியம் தொடங்கியபோது அது காட்டை ஒட்டிய இடம். அதற்கு முன்னால் அவர் இங்கிலாந்தில், மெண்டிப் குன்றுகளில் ஒன்று நடத்தினார். கணிதமேதை ராமானுஜன் கொஞ்ச காலம் அங்கே நோயாளியாக இருந்திருக்கிறார். அன்றைக்கு இந்த நோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, அவ்வளவுதான் வைத்தியம். காசு இருந்தவர்கள் சானடோரியத்துக்குப் போனார்கள். இல்லாதவர்கள் எலும்புருக்கி என்று பேர் சொல்லித் திண்ணையில் தனித்தட்டு வாங்கிக்கொண்டார்கள்.

என் வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு: மெடிக்கல் ஹ்யூமானிட்டீஸ். தமிழில் இதற்கு இன்னும் நல்ல பேர் அமையவில்லை. 'மருத்துவ மானுடவியல்' என்று போட்டால் ஆந்த்ரபாலஜிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். சுருக்கமாகச் சொன்னால், ஒரு நோயைப் பற்றி நோயாளி, வீட்டில் இருப்பவர்கள், டாக்டர், அரசாங்கம் எல்லாரும் என்ன சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று பார்க்கிற வேலை. பேருக்கு முன்னால் 'டாக்டர்' இருப்பதால் மாடிவீட்டு அக்கா மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுகர் ரிப்போர்ட்டோடு இறங்கி வருவார். நான் அந்த டாக்டர் இல்லை என்று பத்து தடவை சொல்லியாகிவிட்டது. "பரவால்ல, படிச்சு சொல்லு. அங்க அவர் நிமிர்ந்துகூடப் பாக்கறதில்ல" என்பார்.

சரி, அப்பா.

1991. எனக்கு ஒன்பது வயது. அப்பா ஆவடிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாக இருமல், சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று இருக்கும், பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டாயிற்று. சளி டெஸ்ட், எக்ஸ்ரே எல்லாம் எடுத்து டி.பி. என்றார்கள். அம்மா தெருவில் மஞ்சக்காமாலை என்று சொல்லி வைத்தாள். அந்த ஏற்பாடு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ரிஃபாம்பிசின் மாத்திரை போட்டால் ஒன்றுக்கு ஆரஞ்சு நிறத்தில் போகும். தம்பி அதைப் பார்த்துவிட்டு, எங்க அப்பாவுக்கு ரத்தமா போகுது, செத்துடுவாரு என்று குழாயடியில் போய் அழுதான். யாரோ விஷயம் தெரிந்த ஒருவர், அது அந்த மாத்திரை என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் எங்கள் குடத்தை எல்லோரும் கடைசியில்தான் வைக்கச் சொன்னார்கள்.

மாத்திரை இலவசம். சீட்டின் கீழே டாக்டர் எழுதிய இன்னொரு வரிக்கு இலவசம் கிடையாது: முட்டை, பால், பருப்பு. தினமும் ராத்திரி அப்பாவுக்கு ஓர் அவித்த முட்டை. அம்மா அதைத் தோலுரித்து, தையல் நூலால் இரண்டாக அறுத்து, மேலே மிளகுத்தூள் தூவி வைப்பாள். கத்தியால் வெட்டினால் மஞ்சள் கரு கத்தியில் ஒட்டி வீணாகும் என்று நூல். நாங்கள் மூன்று பேர் சுற்றி உட்கார்ந்திருப்போம். அப்பா எங்கள் பக்கம் முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் முட்டை உண்டு, ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒன்று. 1982ல் வந்த சத்துணவுத் திட்டத்தில் 1989ல் சேர்த்தது அது. ஒரு தடவை என் முட்டையைப் பாவாடை மடிப்பில் சுருட்டி அப்பாவுக்கு எடுத்து வந்தேன். வரும் வழியில் நசுங்கி, பாவாடை முழுக்க மஞ்சள். அம்மாவிடம் அடிதான் மிச்சம்.

அப்பா பிழைத்துவிட்டார். இரண்டு வருடம் கழித்துத் தங்கைக்குக் கழுத்தில் கட்டி வந்தது. அதுவும் டி.பி.தான், நெறிகட்டியில் வருகிற வகை. அவளுக்கும் மாத்திரை, அவளும் நன்றாக இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள்.

இருபது வருடம் கழித்து ஆராய்ச்சி என்று உட்கார்ந்தபோதுதான், எங்கள் வீட்டில் நடந்தது எல்லாம் சென்னை சேத்துப்பட்டில் முடிவானது என்று தெரிந்தது. 1956ல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சென்னை அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்தது. முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ். இன்றைக்கு அதுதான் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: மருந்துதான் வந்துவிட்டதே, இனி சானடோரியம் எதற்கு? 193 நோயாளிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரை சானடோரியத்துக்கும் பாதிப் பேரை அவரவர் வீட்டுக்கும் அனுப்பினார்கள். இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். 1959ல் முடிவு வந்தது. சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, வீட்டில் 86 சதவீதம் பேருக்கு. பெரிய வித்தியாசம் இல்லை என்றார்கள். கூடவே இருந்த குடும்பத்தாரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து எதுவும் தெரியவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியமான காரணம்.

நான் இதை மட்டம் தட்டவில்லை. கட்டில் கிடைக்காமல் லட்சக்கணக்கில் காத்துக் கிடந்த நாட்டில், கட்டிலே வேண்டாம் என்று நிரூபித்தது எவ்வளவு பெரிய காரியம்! என் அப்பா ஒரு நாள்கூட எங்களை விட்டுப் பிரிந்து போகவேண்டியிருக்கவில்லை. அதற்குச் சேத்துப்பட்டுக்குத்தான் நன்றி சொல்லவேண்டும்.

ஆனால் அந்த அறிக்கை தொண்ணூறு பக்கத்துக்கு மேல். ஒரு கோடை விடுமுறை முழுக்க அதை வரி வரியாகப் படித்திருக்கிறேன். நோயாளியின் எடை இருக்கிறது, எக்ஸ்ரே இருக்கிறது, சளி முடிவு இருக்கிறது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டார்களா என்று பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் வாங்கி வந்து சோதித்தது இருக்கிறது. வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு சானடோரியச் சாப்பாட்டைவிட மோசம் என்பதும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. அப்படியிருந்தும் குணமானார்கள் என்பதுதான் ஆய்வின் வெற்றியே. அந்த 'அப்படியிருந்தும்' நாளாக நாளாக 'அதனால் பரவாயில்லை' என்று ஆகிவிட்டது. மருந்து போதும், சாப்பாடு முக்கியமில்லை என்று அந்த ஆய்வைப் படித்தார்கள். மாத்திரையை அரசாங்கம் எண்ணிக் கொடுத்தது, முட்டையை வீடு பார்த்துக்கொண்டது.

வீடு என்றால் யார்? அறிக்கையில் 'வீடு' என்பது ஒரு பிரிவு, அட்டவணையில் ஒரு பத்தி. அந்தப் பத்திக்குள் அடுப்பு மூட்டியவள், எச்சில் டப்பாவில் சாம்பல் போட்டவள், மருந்து சாப்பிட்டால் குமட்டுகிறது என்று தட்டைத் தள்ளியவரிடம் கெஞ்சியவள் யாரும் இல்லை. சானடோரியத்தில் அதே வேலையைச் செய்தவர்களுக்குச் சம்பளம் இருந்தது.

இதைக் கருத்தரங்குகளில் சொன்னால் கைதட்டுவார்கள். டீ இடைவேளையில் ஒருவர் வந்து, "எல்லாம் சரி, ஆனா ஹெல்த்ல அரசியல் கலக்காதீங்க" என்பார். கலப்பதற்கு நான் யார்? 1955ல் பி.சி.ஜி. என்கிற காசநோய்த் தடுப்பூசி இயக்கத்தை எதிர்த்து ராஜாஜி எழுதியதும் பேசியதும் அரசியல்தானே. அவர் சொன்னதோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிற்பாடு செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. உடனே வாட்ஸாப் வாத்தியார்கள் ராஜாஜி ஜெயித்துவிட்டார் என்று எழுதுகிறார்கள். குழந்தைகளுக்கு மூளையைத் தாக்குகிற டி.பி.யிலிருந்து அதே ஊசிதான் காப்பாற்றுகிறது என்பதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

முட்டையும் அரசியல்தான். தமிழ்நாட்டில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றிருந்தது கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, 2010ல் வாரத்துக்கு ஐந்து ஆனது. ஒவ்வொரு ஏற்றமும் ஏதோ ஒரு கட்சியின் அறிவிப்பு. 2015ல் மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை தரலாம் என்ற யோசனையை முதலமைச்சரே வேண்டாம் என்று தள்ளினார். ஒரு குழந்தையின் தட்டில் என்ன விழவேண்டும் என்று அமைச்சரவை முடிவு செய்கிறது, அப்புறம் எங்களைப் பார்த்து அரசியல் பேசாதே என்றால் எப்படி?

2018 ஏப்ரலில் காசநோயாளிகளுக்கு மாதம் 500 ரூபாய் சத்துணவுத் தொகை வந்தது. ஒரு நாளைக்குப் பதினாறு ரூபாய் சொச்சம். 2024 நவம்பரில் அதை 1000 ஆக்கினார்கள். நல்லதுதான். நடுவில் 2022ல் நன்கொடையாளர்கள் நோயாளிகளைத் 'தத்தெடுத்து' உணவுப் பெட்டி தரும் திட்டம் வந்தது. பெட்டி தருவதைக் குறை சொல்லமாட்டேன், பசிக்கிறவனுக்குக் கொள்கை விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் பெட்டியோடு போட்டோவும் வருகிறது. நான் பேட்டி எடுத்த ஒரு பூ விற்கிற அம்மா, பெட்டி வாங்க வரச்சொன்ன நாளில் போகவில்லை. "பேப்பர்ல போட்டா என் பூவ யாரு வாங்குவா?"

2023ல் வந்த ஓர் ஆய்வைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளின் வீடுகள். நோயாளிகளுக்கு எல்லா வீட்டிலும் உணவு கொடுத்தார்கள். பாதி வீடுகளில் கூட இருப்பவர்களுக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அவ்வளவுதான், வேறு மந்திரம் இல்லை. அந்த வீடுகளில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றுகிற வகை நுரையீரல் டி.பி. கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. சேத்துப்பட்டு முடிவு வந்து அப்போது அறுபத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. கூட இருப்பவர்கள் என்று அந்தக் கட்டுரை சொல்கிற இடத்திலெல்லாம் எனக்கு நூலால் அறுத்த முட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூன்று பேர்தான் தெரிந்தார்கள். அதில் ஒருத்தியின் கழுத்தில் கட்டி.

தமிழ்நாட்டில் 2022 முதல் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்று நடக்கிறது. எனக்குப் பிடித்த திட்டம். நோய் என்று தெரிந்த அன்றே எடை, உயரம், கால்வீக்கம், மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் எல்லாம் பார்த்துவிட்டு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். முடியாதவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். எந்தக் கருவியும் வேண்டாத சோதனை. எழுந்து நில்லுங்கம்மா, அவ்வளவுதான். மருத்துவமனைக் கட்டிலைச் சேத்துப்பட்டு தேவையில்லை என்றது, இவர்கள் யாருக்குத் தேவை என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

வார்த்தைகளைப் பற்றியும் சொல்லவேண்டும், அது என் பிழைப்பு. மருந்தைப் பாதியில் நிறுத்தியவருக்கு ரொம்ப நாள் 'டிஃபால்ட்டர்' என்றுதான் பெயர், பேங்க் கடன் கட்டாதவர் மாதிரி. டி.பி. இருக்குமோ என்று சோதிக்கப்படுகிறவர் 'சஸ்பெக்ட்', போலீஸ் ஸ்டேஷன் மாதிரி. 2013ல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் எடுத்துவிட்டது. போன வருடம் ஒரு ரெஜிஸ்டரில் இன்னும் சிவப்பு மையில் 'டிஃபால்ட்' என்று பார்த்தேன். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன், அங்கே இருந்த ஊழியர் என்னைவிட நல்ல மனுஷி. சிவப்பு மையில் இருந்த அந்தப் பெண் ஏன் மருந்தை நிறுத்தினார் என்று ஊழியருக்குத் தெரிந்திருந்தது. மருமகள் கர்ப்பம், நோய் விஷயம் தெரிந்தால் பிறந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். ரெஜிஸ்டரில் அதற்குக் கட்டம் இல்லை.

கல்லூரி வாழ்க்கை பற்றிக் கேட்பவர்களுக்கு இரண்டு விஷயம் போதும். என் முனைவர் பட்டக் குழுவில் முதல் கேள்வி, "தியரி எங்கே?" அதனால் முதல் அத்தியாயம் முழுக்க ஒரு பிரெஞ்சுத் தத்துவவாதி உட்கார்ந்திருக்கிறார். அவர் எங்கள் குழாயடிக்கு வந்ததே இல்லை. அப்புறம் ஆய்வுக்கு அனுமதி தருகிற நெறிமுறைக் குழு. நான்கு பக்க ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டார்கள், எழுதினேன்: 'இவ்வாய்வில் பங்கேற்பதால் தங்களுக்கு நேரடிப் பயன் ஏதும் இல்லை.' ஒரு பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பயன் இல்லன்னு நீயே எழுதிக் கொண்டாந்திருக்கியே, பரவால்ல, நாயமான பொண்ணு" என்று கைநாட்டு வைத்தார். ஒரு பெரியவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்குத் தன் சொந்தப் பேர் வரவேண்டும். புனைபெயர்தான் போடமுடியும் என்றால், "என் நோவு, என் கதை, வேற எவன் பேரையோ போடுவியா?" என்று கேட்டார். நெறிமுறைக் குழுவிடம் இதற்குப் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அவர் பேட்டியைப் பயன்படுத்தவில்லை.

கட்டுரை எழுதுகிற கதை தனி. எந்த ஆய்விதழில் எழுதினால் கணக்கில் வரும் என்று யு.ஜி.சி. 2019ல் கேர் பட்டியல் என்று ஒன்றைக் கொண்டுவந்தது, 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. நடுவில் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பதவி உயர்வுக்கு அலைந்தவர்களில் நானும் ஒருத்தி. 2019ல் ஒரு வெளிநாட்டு இதழில் என் கட்டுரை வந்தது. எல்லோரும் இலவசமாகப் படிக்கவேண்டுமென்றால் என் இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டவேண்டும் என்றார்கள். கட்டவில்லை. அதனால் என் கட்டுரையை என் கல்லூரி நூலகத்தில் படிக்கமுடியாது. படிக்கமுடிந்திருந்தால் முதல் வரியில் இப்படி இருந்திருக்கும்: தினமும் ஒரு முட்டை, அதைத் தின்னும் வெட்கத்தில் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

இந்தப் பதிவை எழுதி முடித்ததும், போடுவதற்கு முன்னால் ஒரு தடவை அம்மாவிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று போன் செய்தேன். அப்பாவை இரண்டு தடவை ரெக்கார்டரோடு பேட்டி எடுத்திருக்கிறேன். அவர் பட்டறையையும் மாத்திரையையும்தான் பேசுவார். அம்மாவை எடுத்ததில்லை.

"தினமும் முட்டையா? யாருடி சொன்னா?" என்றாள். "வாரத்துக்கு ரெண்டு, இல்ல மூணு. செவ்வா வெள்ளி நம்ம வீட்ல ஏது? மாசக் கடைசில சுத்தமா கிடையாது."

"அப்ப மத்த நாள் எதுக்கு சுவரப் பார்த்து உக்காந்தாரு?"

"டாக்டர் புள்ளைங்க மூஞ்சிக்கு நேரா இருமாதன்னு சொன்னாரு. அதான் திரும்பி உக்காருவாரு. முட்டைக்கு எதுக்குத் திரும்பணும்?"

இதழ் ஆசிரியருக்குத் திருத்தம் எழுதவேண்டும். 'தினமும்' என்பதை மாற்றலாம். 'வெட்கத்தில்' என்பதை என்ன செய்வது? அதன்மேல்தான் அடுத்த ஆறு பக்கத்தைக் கட்டியிருக்கிறேன்.

"சரிம்மா, அப்ப நீ என்ன சாப்ட்ட?"

பின்னால் குக்கர் விசில் வந்தது.

"நான் என்னத்த சாப்ட்டேன்... இரு, அப்பா பேசணுங்கறாரு" என்று போனை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

"என்ன பாப்பா, முட்டையா?" என்றார் அப்பா. "ஏழு ரூபா ஆயிடுச்சு இங்க."